துரு வைக்காத தோட்டா

ஆஸ்டோரியா, ஒரிகன்
27 செப்டம்பர் 1993

அன்புள்ள ஃபெர்மின்,

மூன்றாவது இடம்! எங்கள் கிளப் தலைவர் வென்டல் ஹாஸ்கின் முந்திக்கொண்டு உங்களிடம் சொல்வதற்குள் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தாறு பேர் சுட்டதில் மூன்றாவது. முதல் இரண்டு பேரும் ஆண்டுதோறும் ஜெயிக்கிறவர்கள், அவர்களை விடுங்கள். எனக்குப் பின்னால் வந்த இருபத்து மூன்று பேரின் முகத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் ரைபிளின் கட்டை விரிசல் விட்டதும், இந்த ஆண்டு நான் வேடிக்கை பார்ப்பவள்தான் என்று முடிவு செய்திருந்தேன். நீங்கள் கேட்காமலே உங்கள் பின்லாந்து ரைபிளைக் கொடுத்தனுப்பினீர்கள். அதுவும் அடகுக் கடையில் கண்டெடுத்து, ஆறு மாதம் உட்கார்ந்து கட்டையைச் சீர்செய்த ரைபிள். என் அப்பா அம்மா பிறந்த நாட்டுத் துப்பாக்கியை நெவாடா பாலைவனத்தில் இருக்கும் ஒரு பாஸ்க் இனத்துக்காரரிடம் இரவல் வாங்கிச் சுட வேண்டியிருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். பதக்கம் என் சமையலறைச் சுவரில் தொங்குகிறது.

உடனே திருப்பி அனுப்ப முடியாததற்கு மன்னிக்க வேண்டும். பள்ளி திறந்துவிட்டது. காலை ஐந்தே முக்காலுக்கு பஸ்ஸை எடுத்தால் மாலை வரை பிள்ளைகளின் கூச்சல்தான். ரைபிளைத் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். வியாழக்கிழமை வென்டல் ரீனோவுக்குப் போகிறார். வழியில் வின்னமக்காவில் இறங்கி உங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூட ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி இரண்டு வைத்திருக்கிறேன். வென்டல் வழியில் தின்னாமல் இருந்தால் வீட்டம்மா மைத்தேவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

கிளப்புக்காக நீங்கள் வாங்கி அனுப்பிய பழைய ராணுவத் தோட்டாக்களும் நன்றாகவே போயின. என் பங்கு டின் முழுவதும் தீர்ந்துவிட்டது. டின் வாங்கிக்கொண்ட மற்ற பதினான்கு பேரும் தங்கள் டின்களை வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் சுடப் போகிறார்கள். எல்லோர் சார்பிலும் நன்றி.

உங்கள்,
இர்யா சல்மெலா


வின்னமக்கா, நெவாடா
3 அக்டோபர்

இர்யா,

ரொட்டி வந்தது. நன்றாக இருந்தது என்று மைத்தே சொல்லச் சொன்னாள்.

ரைபிளும் வந்தது. வென்டல் என் மேஜைக்கு எதிரே காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே சுற்றைப் பிரித்தேன். வெளியில் எல்லாம் பளபளப்பு. பின்பக்க போல்ட்டைக் கழற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்தேன். பிறகு வென்டலிடம் கொடுத்து அவரையும் பார்க்கச் சொன்னேன், என் கண்ணை நானே நம்பவில்லை. குழல் முழுக்கத் துரு. துணியை உள்ளே விட்டு இழுத்தால் செங்கல் பொடி போல வருகிறது. துருவை எடுத்த பிறகு உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக நிற்கிறது. ஐம்பத்தைந்து ஆண்டு பழைய ரைபிள், இரண்டு யுத்தம் பார்த்தது, அதன் குழல் ஆகஸ்ட் மாதம் என் கையை விட்டுப் போகும்போது கண்ணாடியாக இருந்தது.

நான் இருபத்தெட்டு ஆண்டு ரயில்வே சிக்னலில் வேலை பார்த்தவன். ஒரு இரும்பை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியும். என் வீட்டில் பதினொரு ரைபிள் இருக்கிறது, எதிலும் ஒரு புள்ளி கிடையாது. சுட்ட அன்றே துடைத்தால் துரு வராது. தோட்டாவைக் குறை சொல்லவும் வழியில்லை. வாங்கியதும் நானே சோதித்துப் பார்த்து, ஒவ்வொரு டின்னிலும் சிவப்புப் பெயின்ட்டில் ‘துரு வைக்காது’ என்று என் கையால் எழுதினேன்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. நாளைக்கு எழுதினாலும் இதைத்தான் எழுதுவேன்.

ஃபெர்மின் எச்சார்ட்


ஆஸ்டோரியா
11 அக்டோபர்

திரு. எச்சார்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே வென்டல் வந்து சேர்ந்துவிட்டார். வந்த மறுநாள் கிளப்புக்குப் போனேன். துப்பாக்கி அறைச் சாவி எட்டு ஆண்டாக என்னிடம்தான் இருக்கிறது. கிளப்பின் பத்தொன்பது ரைபிளையும் மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து வைப்பது நான். வென்டல் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இர்யா, சாவி கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும். தப்பா எடுத்துக்காத. மத்தவங்க கேக்குறாங்க” என்றார்.

“மத்தவங்கன்னா யாரு?” என்றேன்.

“எல்லாரும்தான். நானும் என் கண்ணால பாத்தேன்ல.”

கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

போட்டி முடிந்த அன்று மாலை நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன், படியுங்கள். போல்ட்டைக் கழற்றினேன். துப்பாக்கி துடைக்கும் எண்ணெயில் நனைத்த துணி நான்கு, பிறகு பித்தளை பிரஷ் இருபது இழுப்பு, மறுபடி நனைத்த துணி மூன்று, காய்ந்த துணி வெள்ளையாக வரும் வரை, கடைசியில் எண்ணெய் ஒரு துணி. உங்கள் டின்னில் ‘துரு வைக்காது’ என்று எழுதியிருந்ததால் தண்ணீர் ஊற்றவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் ஊற்றியிருப்பேன். ராணுவத்துப் பழைய தோட்டாக்களில் அடியில் பொறி வைக்கும் பிரைமர் வெடித்த பிறகு குழலில் உப்பு தங்கும், அந்த உப்பை எண்ணெய் தொடாது, தண்ணீர்தான் கரைக்கும் என்பது எனக்கும் தெரியும்.

ஆகவே ஒரு கேள்வி. நீங்கள் எப்படிச் சோதித்தீர்கள்?

ஒரு வேண்டுகோளும் உண்டு. அதே பெட்டியிலிருந்து பிரிக்காத டின் ஒன்று அனுப்புங்கள். இங்கே யாரிடம் கேட்டாலும் கொடுப்பார்கள், ஆனால் நான் ஏதோ கலந்துவிட்டேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும். உங்கள் கையிலிருந்து முத்திரையோடு வந்தால் பேச்சு இருக்காது.

ரைபிளைப் பற்றி: அது என் வீட்டில் இருந்தபோதுதான் துருப்பிடித்தது. அதற்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இர்யா சல்மெலா


வின்னமக்கா
17 அக்டோபர்

இர்யா,

ஆறு ஆண்டுப் பழக்கத்தில் என்னைத் ‘திரு. எச்சார்ட்’ என்று நீ எழுதியது இதுவே முதல் தடவை. மைத்தே கடிதத்தைப் படித்துவிட்டு, “அவ வேலைய அவ ஒழுங்காத்தான் செஞ்சிருக்கா. நீ செஞ்சியான்னு பாரு” என்றாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு இல்லை.

சோதனையைக் கேட்டாய். சொல்கிறேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி, வெடிமருந்தைக் கொட்டிவிட்டேன். பிரைமர் மட்டும் இருக்கும் வெறும் கூட்டைத் துப்பாக்கியில் போட்டு, குழலின் வாயருகே ஒரு புது ஆணியை நிறுத்தி, அதன் மேல் வெடித்தேன். ஆணியைச் சமையலறை ஜன்னலில் பத்து நாள் வைத்தேன். ஜூலை மாதம். ஒரு புள்ளித் துரு இல்லை. உப்பு இருந்திருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும். இந்த ஊரில் இப்படித்தான் எல்லோரும் பார்ப்போம்.

டின் கேட்டாய். பார்சல் லாரியில் நேற்றுப் போட்டுவிட்டேன். முத்திரை உடையவில்லை. சாவியை வாங்கிக்கொண்டது எனக்குத் தெரியாது. வென்டல் அவசரப்பட்டிருக்க வேண்டாம். ஆனாலும் நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஃபெர்மின்


ஆஸ்டோரியா
1 நவம்பர்

அன்புள்ள ஃபெர்மின்,

டின் வந்தது. நன்றி. இதை மரியாதைக்காக எழுதவில்லை. உங்கள் கோபம் உங்கள் கோபமாகவே இருந்தும், கேட்ட ஆறாம் நாள் லாரியில் ஏற்றிவிட்டீர்கள். “போடி, வேணும்னா நீயே தேடிக்கோ” என்று எழுதியிருக்கலாம். இதை நினைத்தபோது ‘திரு. எச்சார்ட்’ என்று எழுதியதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சோதனை செய்தேன். தோற்றுவிட்டேன். எப்படித் தோற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து இரும்புத் தகடு எடுத்தேன். மணல்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் செய்தேன். முதல் மூன்றின் மேல் உங்கள் தோட்டாவின் பிரைமரை வெடித்தேன். முதலாவதை அப்படியே விட்டேன். இரண்டாவதை உங்கள் ரைபிளைத் துடைத்த மாதிரியே துப்பாக்கி எண்ணெயால் துடைத்தேன். மூன்றாவதை வெந்நீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசினேன். நான்காவதன் மேல் கடையில் வாங்கிய புது வேட்டைத் தோட்டாவின் பிரைமர், அதில் உப்பு கிடையாது என்பது நிச்சயம். ஐந்தாவது வெறும் தகடு, அதன் மேல் எதையும் வெடிக்கவில்லை.

இதுவரை சரிதானே? இனிதான் என் புத்திசாலித்தனம். ஈரம் வேண்டும் என்று யோசித்தேன். ஈரம் என்றால் ஒரு பின்லாந்துக்காரிக்கு என்ன நினைவு வரும்? ஐந்தையும் கொண்டுபோய் சவுனா என்ற எங்கள் நீராவிக் குளியல் அறைக்குள், மேல் பலகையில் வரிசையாக வைத்தேன். சனிக்கிழமை வழக்கம்போல அடுப்பை மூட்டி, கல்லில் தண்ணீர் ஊற்றி, நானும் அங்கேயே உட்கார்ந்து வேர்த்தேன். பக்கத்து வீட்டு லெம்பியும் வந்திருந்தாள். “என்னடி இது, தகட்டுக்கெல்லாம் சவுனா வச்சிருக்க?” என்று கேட்டுவிட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ஐந்தும் சிவப்பு. வெறும் தகடுகூட. நீராவியில் குளிப்பாட்டினால் எந்த இரும்பு சும்மா இருக்கும்? உங்கள் தோட்டாவைப் பற்றி இது எதையும் சொல்லவில்லை, என் மூளையைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது.

வென்டலிடம் நான் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். டின்னில் இன்னும் நிறைய இருக்கிறது. மறுபடி செய்வேன்.

இர்யா


வின்னமக்கா
7 நவம்பர்

இர்யா,

சவுனா கதையை மைத்தேவுக்குப் படித்துக் காட்டினேன். சூப்பு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இத உனக்கு எழுதணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து? மறைச்சிருக்கலாம்ல?” என்றாள்.

அதையேதான் நானும் இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஐந்தாவது தகட்டைக் கண்ணில் காட்டாமல் முதல் இரண்டை மட்டும் எனக்கு அனுப்பியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நானாக இருந்தால், அதுவும் சாவியைப் பறிகொடுத்த கோபத்தில் இருந்திருந்தால், அனுப்பியும் இருப்பேன். நீ தோற்றதை அப்படியே எழுதியதற்கு நன்றி.

என் ஆணிக்கும் பக்கத்தில் ஒரு வெறும் ஆணி வைத்திருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. வைக்கவில்லை.

மறுபடி செய். காத்திருக்கிறேன்.

ஃபெர்மின்


ஆஸ்டோரியா
20 நவம்பர்

அன்புள்ள ஃபெர்மின்,

இந்த முறை சவுனாவுக்குள் வைக்கவில்லை, அதற்கு முன்னால் துணி மாற்றும் அறையில் வைத்தேன். அடுப்பும் மூட்டவில்லை. லெம்பிக்கு அதில் கோபம், இரண்டு சனிக்கிழமை குளிக்கவில்லை. அந்த அறையில் ஆற்றுக் காற்று வரும், அவ்வளவுதான். ஆஸ்டோரியாவில் எந்த அலமாரிக்குள்ளும் இருக்கிற ஈரம்தான். அதே ஐந்து தகடு, மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி, மறுபடி அதே வரிசை. யாரும் கை வைக்காமல் இருக்கக் கதவைப் பூட்டினேன்.

தினமும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து பார்த்துக் குறித்தேன்.

இரண்டாம் நாள்: முதல் தகட்டில் வெடித்த இடத்தில் மட்டும் வட்டமாக வேர்த்திருந்தது. மற்ற நான்கும் காய்ந்திருந்தன.

மூன்றாம் நாள்: முதல் தகடு சிவந்துவிட்டது. இரண்டாவதில் ஆரஞ்சு நிறத்தில் பொட்டு பொட்டாக.

ஆறாம் நாள்: இரண்டாவதும் சிவப்பு.

பத்தாம் நாள்: வெந்நீரில் கழுவிய மூன்றாவது சுத்தம். புதுத் தோட்டாவின் நான்காவது கொஞ்சம் கரி, துரு இல்லை. வெறும் தகடு லேசாக மங்கியிருக்கிறது.

இத்துடன் இரண்டாவது தகட்டை அனுப்பியிருக்கிறேன். துப்பாக்கி எண்ணெயால் துடைத்தது. வென்டலிடம் காட்டுவதற்கு முன்னால் உங்களுக்கு அனுப்புகிறேன், ஏனென்றால் டின்னில் இருப்பது உங்கள் கையெழுத்து. நீங்கள் பார்க்காமல் அதை நான் பொய் என்று கிளப்பில் சொல்ல மாட்டேன்.

ஆனால் ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது. இங்கே பதினான்கு பேர் உங்கள் டின்னிலிருந்து சுட்டுவிட்டு, எண்ணெய் போட்டுத் துடைத்து, ஈர அலமாரியில் வைக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் அந்தக் குழல்கள் அரிக்கின்றன. அதில் எட்டு, தாத்தா காலத்து ரைபிள்.

உங்களை ஏமாற்றியது உங்கள் ஊரின் வறண்ட காற்று என்று நினைக்கிறேன். என்னை ஏமாற்றப் பார்த்தது என் ஊர்ப் பழக்கம்.

இர்யா


வின்னமக்கா
29 நவம்பர்

அன்புள்ள இர்யா,

தகடு வந்த அன்று ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஏதாவது சண்டைக்கு வழி தேடியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை இரண்டு தகடு எடுத்து, நீ செய்த மாதிரியே தேய்த்து, இரண்டின் மேலும் அதே தோட்டாவின் பிரைமரை வெடித்தேன். ஒன்றைச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். இன்னொன்றை மைத்தேவின் கேக் மூடிக்குக் கீழே, நனைத்துப் பிழிந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவதாக ஒரு வெறும் தகட்டையும் அதே மூடிக்குள் வைத்தேன், இந்த முறை புத்தி வந்திருந்தது. ஜன்னலில் இருப்பது இன்று ஆறாம் நாள், பளபளக்கிறது. மூடிக்குள் இருந்தது இரண்டாம் நாள் காலையிலேயே சிவந்துவிட்டது. பக்கத்து வெறும் தகடு அப்படியே இருக்கிறது. மைத்தே மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சிவந்த தகட்டை என் காப்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

தோட்டா துரு வைக்கும். நான் எழுதியது தப்பு. பதினைந்து டின்னில் என் கையால் எழுதி, பெயின்ட் காயும் வரை ஊதி வேறு விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னுடைய பதினொரு ரைபிளிலும் ஒரு புள்ளி கிடையாது என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? அதில் நான்கில் இப்படிப்பட்ட தோட்டாக்களைத்தான் ஆண்டுக்கணக்காகச் சுட்டிருக்கிறேன், ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. என் சுத்தம் என்று முப்பது ஆண்டாக நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் இந்த ஊரின் வறட்சி. மழை பெய்யாததற்கு நான் மார்தட்டிக்கொண்டிருக்கிறேன். உன் வீட்டுக்கு அந்த ரைபிள் வராமல் இருந்திருந்தால் சாகும் வரை எனக்கு இது தெரிந்திருக்காது. நேற்று நான்கையும் எடுத்து வெந்நீர் ஊற்றினேன். முதலில் வந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மைத்தே கத்தினாள். உப்புக் கரித்தது.

உனக்கு இரவல் கொடுத்த ரைபிளை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். வென்டல் எதிரில் நான் முதல் துணியை விட்டு இழுத்தபோது வந்தது சிவப்பு மட்டும்தான். அந்தத் துணியைத் தூக்கிப் போடாமல், உனக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு டப்பாவில் வைத்திருந்தேன், பழிக்குச் சாட்சியாக. இன்று விரித்துப் பார்த்தேன். துருவும் எண்ணெயும் இருக்கிறது. கரி ஒரு துளி இல்லை. நாற்பது குண்டு சுட்ட குழலைத் துடைக்காமல் விட்டால் துணி தார் மாதிரி வரும், அது துப்பாக்கி பிடித்த எவனுக்கும் தெரியும். கண் முன்னால் இருந்தது, கோபத்தில் பார்க்கவில்லை. துணியை இதோடு வைத்திருக்கிறேன். இப்போது அது உன் பக்கத்துச் சாட்சி.

இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். அது கிளப்புக்கு. வென்டலிடம் கொடு, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும் என்று சொல். வாய்க்குள் முணுமுணுத்தால் நானே வண்டி ஏறி வருவேன் என்றும் சொல்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதிப் பார்த்தேன், சிறியதாக இருக்கிறது. உனக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது. என்னைத் தப்பு என்று நிரூபிப்பதற்கு முன்னால் என்னிடம் காட்டினாயே, அதில் தொடங்குகிறேன்.

ஃபெர்மின்


ஆஸ்டோரியா
13 டிசம்பர்

அன்புள்ள ஃபெர்மின்,

சனிக்கிழமை மீனவர் சங்க அரங்கில் கூட்டம் நடந்தது. வென்டல் உரக்கத்தான் படித்தார், பயப்பட வேண்டாம். ‘டின்னில் எழுதியது பொய், எழுதியவன் நான். துருவுக்குக் காரணம் என் தோட்டா, இர்யாவின் கை இல்லை. இதைக் கேட்ட பிறகும் யாராவது உட்கார்ந்திருந்தால் அவன் குழலுக்கு அவனே பொறுப்பு’ என்று முடித்திருந்தீர்கள் அல்லவா? அந்த வரியைப் படித்ததுமே படகுக்காரர் அர்விட் எழுந்து, “அப்புறம் என்னய்யா ஒக்காந்துருக்கீங்க? வீட்டுக்குப் போய் தண்ணிய காய வைங்க!” என்றார்.

“வீட்டுக்கு எதுக்கு? எங்க சவுனா கொதிகலன் காலைலருந்து சூடாத்தான் இருக்கு” என்றேன். சனிக்கிழமை அல்லவா? லெம்பிக்காக மூட்டி வைத்திருந்தேன்.

அரை மணி நேரத்தில் என் முற்றத்தில் ஒன்பது பிக்அப் லாரி. பதினான்கு பேரும் ரைபிளோடு வந்து சவுனா வாசலிலிருந்து வேலி வரை வரிசையில் நின்றார்கள். சமையலறையிலிருந்து புனல், கெட்டில், காப்பிப் பாத்திரம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. நான் ஊற்றினேன், அர்விட் குழலைப் பிடித்தார், மற்றவர்கள் துணியோடு நின்றார்கள். முதலில் வந்த தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. உங்களைப் போல ஒருவர் அதை நக்கிப் பார்த்துவிட்டு, “கடல் தண்ணியேதான்டா” என்று கத்தினார். துண்டைக் கட்டிக்கொண்டு சவுனாவுக்கு வந்த லெம்பி இந்தக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி ஓடினாள்.

பதினான்கில் பதினொன்று, டின்னைச் சமீபத்தில்தான் பிரித்தவர்களுடையவை, தப்பிவிட்டன. இரண்டில் லேசான புள்ளி. மோசமானது ஒன்றே ஒன்று, வென்டலுடையது. அவர்தான் ஒவ்வொரு ஞாயிறும் சுடுகிறவர். வரிசையில் கடைசியாக நின்றிருந்தார். கிட்டே வந்ததும் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். முகம் நன்றாக இல்லை.

“இர்யா, நான் வந்து...”

“சாவி அப்புறம். மொதல்ல குழல நீட்டுங்க, தண்ணி ஆறுது.”

மூன்று கெட்டில் ஊற்றினேன். துணி வெள்ளையாக வரும் வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “நா கண்ணால பாத்தேன்னு சொன்னேன்ல? பாத்தது துருவ. குத்தம் சொன்னது இவள. அது என் தப்பு” என்றார். அதன் பிறகே சாவியை வாங்கிக்கொண்டேன். எல்லோருக்கும் காப்பி போட்டேன், காப்பிப் பாத்திரத்தை முதலில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான்.

அவர்கள் எல்லோரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். தப்பான தோட்டாவைக் கொடுத்தவருக்கு எதற்கு நன்றி என்று அர்விட்டிடம் கேட்டேன். “தப்புன்னு எழுத எத்தன பேரு இருக்கான்?” என்றார். அதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

இனி நான் எழுதப்போவதை வேறு யாரிடமும் சொன்னதில்லை, மைத்தேவுக்கு வேண்டுமானால் படித்துக் காட்டுங்கள்.

எண்ணெய்த் துணி நான்கு, பிரஷ் இருபது இழுப்பு என்று உங்களுக்கு வரிசையாக எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் அது நான் எப்போதும் செய்வது. அன்று மாலை செய்தேனா என்று எனக்கு நினைவே இல்லை. பதக்கம் வாங்கிய சந்தோஷத்தில் எல்லோரும் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பியர், பிறகு இன்னொன்று. வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. காலையில் ரைபிள் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்ததும் நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. ரைபிள் சுற்றியிருந்தால் துடைத்திருப்பேன் என்றுதான் எடுத்துக்கொண்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு, துடைக்காமலே சுற்றி வைத்திருந்தால் என்ற நினைப்பு வந்தது, போகவே இல்லை. பஸ் ஓட்டும்போது வரும். ரத்தினமாகப் பார்த்துக்கொண்ட ரைபிளை இரவல் கொடுத்தவருக்கு நான் இதைச் செய்துவிட்டேனோ என்று வரும். வென்டல் சாவியைக் கேட்டபோது நான் சண்டை போடாமல் கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

தகடுகள் தோட்டாவைப் பற்றிச் சொல்லிவிட்டன. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தோட்டா கெட்டது என்று ஊருக்கே தெரிந்துவிட்டால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள், நான் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் கடிதத்தை பஸ் டிப்போவில் பிரித்தேன். மன்னிப்பு, நன்றி எல்லாம் வேகமாகத் தாண்டிவிட்டேன். ‘கரி ஒரு துளி இல்லை’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். துணியை எடுத்து விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். துரு, எண்ணெய், வேறு ஒன்றும் இல்லை. இருபது காலி சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுததை டிப்போ மெக்கானிக் பார்த்துவிட்டு, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார்.

நீங்கள் அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். தோட்டா தப்பு என்று ஒப்புக்கொண்டதே போதும் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்லியிருப்பேன். நீங்கள் விடவில்லை.

அன்றைக்கு நான் துடைத்திருக்கிறேன், ஃபெர்மின்.

நன்றி.

இர்யா